‘தீர்த்து வைக்கப்பட்டது’ என்று எழுதுவதற்கு முன்: வங்கிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வங்கிகளில் வாடிக்கையாளர் சேவைத் துறையை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

63 நாட்கள் இழுத்த ஒரு புகார் அண்மையில் எனக்குச் சாதகமாக முடிந்தது. கணக்கிலிருந்து போன பணம் ஒரு காசு குறையாமல் திரும்பி வந்துவிட்டது. ஆகவே இந்த மடலைப் பணம் கேட்டு எழுதவில்லை. அந்த 63 நாட்களுக்குள் என் புகார் தீர்த்து வைக்கப்பட்டதாக எனக்கு நான்கு முறை குறுஞ்செய்தி வந்தது. நான்கு முறையும் பணம் வரவில்லை. ஏன் வரவில்லை என்ற விளக்கமும் வரவில்லை. காரணமும் ஆதாரமும் காட்டாமல் ஒரு புகாரை முடித்துவைக்கும் வழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன். என் வங்கியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் பேசிய நண்பர்களும் உறவினர்களும் வேறு வேறு வங்கிகளில் இதே வாக்கியத்தைப் பெற்றிருக்கிறார்கள் என்பதால், இது எல்லோருக்கும் எழுத வேண்டிய மடலாகிவிட்டது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை நேரத்தில், வாடகை கொடுப்பதற்காக, வேறொரு வங்கிக்குச் சொந்தமான ஏ.டி.எம். இயந்திரத்தில் என் அட்டையைச் செருகினேன். ரகசிய எண்ணையும் தொகையையும் அழுத்தியதும், உள்ளே நோட்டுகளை எண்ணும் அந்தப் பழகிய சரசரப்பு கேட்டது. பாதியில் அது ஒருமுறை திக்கியது, மீண்டும் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. பணம் வரும் வாயின் தகடு திறக்கவே இல்லை. திரையில் அட்டையை எடுத்துக்கொள்ளும்படி வாசகம் வந்தது, எடுத்துக்கொண்டேன். ரசீது வரவில்லை. கைப்பேசியில் மட்டும், முழுத் தொகையும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்து நின்றது. எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண்மணி, “இன்னும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், சில நேரம் தாமதமாக வரும்” என்றார். இருவரும் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடத்துக்குள், அந்த இயந்திரத்தின் முன்னாலிருந்தே, என் வங்கியின் கால் சென்டரை அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன்.

நான்காம் நாள் முதல் குறுஞ்செய்தி வந்தது. பரிவர்த்தனை வெற்றிகரமாக நடந்திருக்கிறது, புகார் தீர்த்து வைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள், எதை வைத்து அது வெற்றிகரமானது என்று முடிவு செய்தார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல் கூட இல்லை. திரும்ப அழைத்தபோது, முடித்துவைத்த புகாரைத் திறக்க முடியாது, புதிதாகப் பதிவு செய்யத்தான் முடியும் என்றார்கள். புதிய எண், புதிய காலக்கெடு, மறுபடியும் முதலிலிருந்து கதை. இரண்டாவது எண் பதினைந்தாம் நாளும், மூன்றாவது இருபத்தொன்பதாம் நாளும், நான்காவது நாற்பத்து நான்காம் நாளும் அதே வாக்கியத்தோடு முடிந்தன. இடையில் ஒரு முறை, இயந்திரம் எந்த வங்கியுடையதோ அங்கே போய்க் கேளுங்கள் என்று சொன்னார்கள். அங்கே போனால், அட்டை கொடுத்த வங்கியைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னார்கள். இரண்டு வங்கிகளுக்கு நடுவில் தூது போகும் வேலை வாடிக்கையாளருடையதாகிவிட்டது.

உங்கள் ஊழியர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. நான் பேசிய பதினொரு பேரில் ஒருவர் கூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் ‘வெற்றி’ என்ற ஒரு சொல்தான் தெரிகிறது. அதற்குப் பின்னால் போய்ப் பார்க்க அவர்களுக்கு வழி கொடுக்கப்படவில்லை. அவர்களில் ஒருவர், அழைப்பை முடிக்கும் முன் குரலைத் தாழ்த்தி, “சார், நீங்கள் எழுத்தில் கேளுங்கள். அந்த மிஷினுடைய ஈ.ஜே. என்ன சொல்கிறது என்று கேளுங்கள்” என்றார். என் புகார் முடிவதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு உரிமையோடு கிடைக்க வேண்டிய தகவல், ஓர் ஊழியரின் நல்ல மனதால் ரகசியமாகக் கிடைக்க வேண்டியிருப்பது எப்படிப்பட்ட ஏற்பாடு என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஈ.ஜே. என்று அவர் சொன்னது எலக்ட்ரானிக் ஜர்னலை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. நாம் தொகையை அழுத்தியதும், இயந்திரம் ஒரு கோரிக்கையை இடையிலுள்ள வலையமைப்பின் வழியாக நம் வங்கிக்கு அனுப்புகிறது. நம் வங்கி இருப்பைச் சரிபார்த்து, கணக்கில் பற்று வைத்து, ‘கொடுக்கலாம்’ என்று விடை அனுப்புகிறது. நோட்டுகள் எண்ணப்படுவது அதற்குப் பிறகுதான். எண்ணும்போது நோட்டு சிக்கினாலோ இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலோ, இயந்திரம் அந்த நோட்டுகளை வெளியே தள்ளாமல் உள்ளே இருக்கும் ரிஜெக்ட் பெட்டிக்குத் திருப்பிவிடுகிறது. பணம் கொடுக்க முடியவில்லை, பற்றை ரத்து செய்யுங்கள் என்ற ரிவர்சல் செய்தி அங்கிருந்து நம் வங்கிக்குப் போக வேண்டும். அந்தச் செய்தி வழியில் தவறினாலோ அனுப்பப்படாமல் போனாலோ, நம் வங்கியின் கணக்கில் ‘கொடுக்கலாம்’ என்ற விடை மட்டும் வெற்றியாக நிற்கும். என் புகாரை நான்கு முறை முடித்துவைத்தவர்கள் பார்த்தது அந்த ஒரு பதிவைத்தான் என்பது பின்னால் எனக்குத் தெரிய வந்தது. கொடுக்க அனுமதித்ததற்கான பதிவை, கொடுத்ததற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொடுத்ததா இல்லையா என்பதற்கான சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. இயந்திரம் தன் ஒவ்வொரு அசைவையும் ஜர்னலில் எழுதிவைக்கிறது: எத்தனை நோட்டு எண்ணப்பட்டது, எங்கே பிழை வந்தது, தகடு திறந்ததா, நோட்டுகள் எடுக்கப்பட்டனவா என்பதெல்லாம் நேரத்தோடு அதில் இருக்கும். அதற்கும் மேலாக, இயந்திரத்தில் பணம் நிரப்ப வருகிறவர்கள் உள்ளே மீதமிருக்கும் ரொக்கத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். என் கைக்கு வராத பணம் அங்கே உபரியாக நிற்கும். நிற்காமல் எங்கே போகும்? அது ஆவியாகிவிடக்கூடிய பொருள் இல்லை. ஆக, இயந்திரத்தின் ஜர்னல், ரொக்கக் கணக்கு, கேமராப் பதிவு ஆகிய மூன்று சாட்சிகளும் வங்கிகளின் கையில் இருக்கின்றன. வாடிக்கையாளரின் கையில் இருப்பது ஒரு குறுஞ்செய்தியும் தன் வாய்ச்சொல்லும்தான். இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை, ‘வெற்றிகரமான பரிவர்த்தனை’ என்று மட்டும் சொல்லி ஒரு புகாரை மூடுவது, வழக்கின் ஒரு தரப்பே எல்லா ஆவணங்களையும் பூட்டி வைத்துக்கொண்டு தீர்ப்பும் எழுதுவதற்குச் சமம்.

அந்த ஊழியர் சொன்னபடி, ஐம்பத்தைந்தாம் நாள், என் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்கு புகார் எண்களையும் தேதி வாரியாக எழுதி, கடைசியில் மூன்றே கேள்விகள் கேட்டேன். இன்ன நாளில் இன்ன நேரத்துப் பரிவர்த்தனைக்கு இயந்திரத்தின் ஜர்னல் என்ன சொல்கிறது? அதற்கு அடுத்து ரொக்கம் எண்ணப்பட்டபோது உபரி இருந்ததா? கேமராப் பதிவு பாதுகாக்கப்பட்டிருக்கிறதா? ஒரு வாரத்தில் ஓர் அதிகாரி அழைத்தார். ஜர்னலில் நோட்டு சிக்கிய பிழை பதிவாகியிருக்கிறது, நோட்டுகள் ரிஜெக்ட் பெட்டிக்குப் போயிருக்கின்றன, ரொக்கம் எண்ணியபோது சரியாக என் தொகை உபரியாக இருந்திருக்கிறது என்று தெளிவாகச் சொன்னார், வருத்தமும் தெரிவித்தார். மறுநாள் பணம் வந்தது. ரொக்கம் எந்த நாளில் எண்ணப்பட்டது என்று கேட்டேன். நான் பணம் எடுக்கப் போனதற்கு இரண்டாம் நாள் என்றார். முதல் குறுஞ்செய்தி வந்தது நான்காம் நாள் என்பதை நினைத்துப் பாருங்கள். என் புகாரை முதன்முறை முடித்துவைத்தபோதே உண்மை உங்கள் இரு வங்கிகளின் ஏட்டில் எழுதப்பட்டுக் காத்திருந்தது. அதைத் திறந்து பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

கணினி சொல்வதே முடிவு என்று வங்கி நின்றால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1992இல் ஒரு காவலர், தான் எடுக்காத பணம் ஏ.டி.எம். வழியாகத் தன் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்று முறையிட்டார். எங்கள் கணினியில் தவறு நேராது என்ற நிலையை அந்த நிதி நிறுவனம் எடுத்தது. பொய்ப் புகார் கொடுத்துப் பணம் பெற முயன்றதாக அந்தக் காவலர் மீதே குற்றம் சாட்டப்பட்டு, 1994இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீட்டில், அந்தக் கணினி அமைப்பைக் காவலர் தரப்பின் நிபுணர் ஆராய நிறுவனம் அனுமதி தர மறுத்தது. அதன் பிறகு அந்தக் கணினிச் சான்று ஏற்கப்படவில்லை. 1996இல் அவர் விடுவிக்கப்பட்டார். முறையிட்ட ஒருவர் நான்கு ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டின் நிழலில் வாழ்ந்திருக்கிறார். என் சிறிய புகாரை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் இரண்டிலும் தொடக்கம் ஒன்றுதான்: எங்கள் பதிவு சரி, அதை உங்களுக்குக் காட்ட மாட்டோம் என்ற நிலை.

காத்திருந்த நாட்களில் பல நாடுகளின் விதிகளைத் தேடிப் படித்தேன். நான் கேட்பது புதுமையான ஒன்று இல்லை என்பது அப்போது விளங்கியது. அமெரிக்காவில், மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் பிழை என்று வாடிக்கையாளர் சொன்னால், வங்கி பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவகாசம் வேண்டுமானால், சர்ச்சைக்குரிய தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைத்துவிட்டுத்தான் 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். பிழை எதுவும் நடக்கவில்லை என்று வங்கி முடிவு செய்தால், அதற்கான விளக்கத்தை எழுத்தில் தர வேண்டும். எந்த ஆவணங்களை வைத்து அந்த முடிவுக்கு வந்தது என்று கேட்டுப் பெறும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்பதையும் அந்த விளக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வங்கி முதல் குறுஞ்செய்தியோடு அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால், மீதி 59 நாட்களுக்குத் தேவையே இருந்திருக்காது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை, புகாருக்காகக் காத்திராமல் வங்கியே தர வேண்டும் என்றும் சொல்கிறது. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளைப் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமையை வங்கியின் தோளில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுக் கட்டணச் சேவை நெறிமுறையோ, அட்டை பயன்படுத்தப்பட்டதாக ஒரு பதிவு இருப்பது மட்டுமே வாடிக்கையாளர் அனுமதி கொடுத்தார் என்பதற்குப் போதிய சான்றாக இருக்க வேண்டியதில்லை என்று கூறுகிறது. வேறு வேறு இடங்களில் எழுதப்பட்டிருந்தாலும், உங்கள் பதிவு உங்களுக்கே தீர்ப்பாகிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம் இவற்றின் அடியில் ஓடுகிறது.

விதிகள் இப்படி இருக்க, நடைமுறை ஏன் வேறாக இருக்கிறது? எனக்குத் தெரிந்தவரை, ஒரு புகார் எத்தனை நாளில் மூடப்பட்டது என்பதை நீங்கள் அளக்கிறீர்கள். சரியாக மூடப்பட்டதா என்பதை அந்த அளவுக்குக் கவனித்து அளப்பதில்லை. நான்காம் நாள் தவறாக மூடப்பட்ட புகார் உங்கள் அறிக்கையில் விரைவான சேவையாகத் தெரியும். அதே ஆள் மறுநாள் அழைத்தால், அது இன்னொரு புதிய புகார். அதுவும் விரைவாக மூடப்படும். இரண்டு மாத அலைச்சல், உங்கள் மாதாந்தரக் கூட்டத்தில் நான்கு வெற்றிகளாகக் காட்டப்பட்டிருக்கக் கூடும். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அளவுகோல் இப்படி இருந்தால் நல்ல அதிகாரிகளுக்கே உண்மை தெரியாமல் போய்விடும் என்ற கவலையால் சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இது. பணம் சம்பந்தப்பட்ட எந்தப் புகாரையும் நிராகரித்து முடிக்கும்போது, எந்தெந்தப் பதிவுகளைப் பார்த்தோம், அவற்றில் என்ன இருந்தது என்பதை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் நான்கு வரி எழுதுங்கள். கேட்டால் அந்தப் பதிவின் நகலைக் கொடுங்கள். அந்த நான்கு வரியின் கீழே, முடிவுக்குப் பொறுப்பேற்கும் அதிகாரியின் பதவியும், இந்த முடிவு திருப்தியில்லையென்றால் அடுத்து எங்கே, எத்தனை நாளுக்குள் போகலாம் என்பதும் இருக்கட்டும். நான்கு வரி எழுத வேண்டும் என்று வந்துவிட்டால், எழுதுகிறவர் ஜர்னலைத் திறந்து பார்க்காமல் எழுத முடியாது. இந்தக் கோரிக்கையில் எனக்கு உண்மையில் வேண்டியது அந்தத் திறந்து பார்த்தல்தான். புகார் கொடுத்தவர் தீரவில்லை என்று சொன்னால் அதே எண்ணில் அந்தப் புகார் மீண்டும் திறக்கப்பட வேண்டும், முதல் நாளிலிருந்தே நாட்கள் எண்ணப்பட வேண்டும். இரண்டு வங்கிகள் சம்பந்தப்பட்டிருந்தால், அட்டை கொடுத்த வங்கியே மற்ற வங்கியிடம் கேட்டுப் பெற வேண்டும். அதற்கான தொடர்பும் வழிமுறையும் உங்களிடம் இருக்கின்றன, வாடிக்கையாளரிடம் இல்லை.

தற்காலிக வரவு பற்றியும் ஒரு வார்த்தை. பொய்ப் புகார் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் உடனே வரவு வைத்தால் அது வங்கிக்கு ஆபத்து என்று நீங்கள் சொல்லக்கூடும். அது நியாயமான கவலை. ஆனால் விசாரணை முடிந்து புகார் தவறென்று தெரிந்தால், வாடிக்கையாளரின் கணக்கு உங்களிடமே இருப்பதால், அந்த வரவைத் திரும்ப எடுத்துக்கொள்ள உங்களுக்கு வழி இருக்கிறது. விசாரணை இழுத்துக்கொண்டே போகும்போது வாடகைக்கு வைத்திருந்த பணத்தை இழந்து நிற்பவருக்கு அப்படி ஒரு வழி இல்லை. நான் அந்த மாதம் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் வாடகை கொடுத்தேன். என் பணம் இயந்திரத்தில் உபரியாக எண்ணப்பட்டிருந்த அதே நாட்களில், நான் அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வங்கிக்கு வெளியே குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மன்) இருக்கிறாரே, அங்கே போகலாமே என்று சிலர் எனக்குச் சொன்னார்கள். பிரிட்டனில் 1986இலும் இந்தியாவில் 1995இலும் வங்கிகளுக்கென்று குறைதீர்ப்பாளர் ஏற்பாடு வந்தது. கட்டணமில்லாமல் சாதாரண மனிதர் முறையிடக்கூடிய அருமையான வழி அது. ஆனால் ஜர்னலின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் தீரக்கூடிய புகார் அங்கே போய் வரிசையில் நிற்பது, உண்மையிலேயே சிக்கலான வழக்கோடு அங்கே காத்திருக்கும் இன்னொருவரின் நேரத்தை எடுத்துக்கொள்வதாகும்.

இதைப் படிப்பவர்களில் என் வங்கியின் பொறுப்பாளரும் இருப்பார் என்று நம்புகிறேன். அவருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். என் முதல் நான்கு புகார்களும் உங்கள் ஏட்டில் இன்றும் ‘தீர்த்து வைக்கப்பட்டது’ என்றே இருக்கின்றன. செயலியைத் திறந்தால் நான்கும் பச்சை நிறத்தில் வரிசையாகத் தெரிகின்றன. கடிதமாக அனுப்பிய ஐந்தாவதுதான் தீர்ந்தது. அந்த நான்கு பதிவுகளையும் திருத்தி, அவை தீர்க்கப்படாமல் மூடப்பட்டவை என்று எழுதுங்கள். திருத்தியதும் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்